ஆர்ச்சி ஸ்டார்க்

ஆர்ச்சி ஸ்டார்க் (21 டிசம்பர் 1897 – 27 மே 1985) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்து, அமெரிக்காவில் புகழ்பெற்ற காற்பந்து வீரர். 1924–25 பருவத்தில் அமெரிக்கன் சாக்கர் லீக் ஆட்டங்களில் மட்டும் 67 கோல்கள் அடித்தவர்.

சிறுவனாக இருந்தபோதே குடும்பத்துடன் நியூஜெர்சி மாநிலத்தின் கியர்னி நகரில் குடியேறினார். அது ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைந்த ஆலை நகரம். கிளார்க் நூல் ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கள் ஊர் ஆட்டத்தையும் உடன் கொண்டுவந்திருந்தனர். அந்த ஆலையின் அணிதான் 1885-இல் முதல் அமெரிக்கன் கோப்பையை வென்றது. எனவே ஸ்டார்க்குக்குக் காற்பந்து அங்கே அந்நிய விளையாட்டாக இருக்கவில்லை. கியர்னி அணிகளில் வளர்ந்த அவர், முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து பிரான்சு சென்று திரும்பினார். பிறகு நியூயார்க் அணியில் ஆடி, 1924-இல் பெத்லகேம் இரும்பாலை அணிக்கு மாறினார்.

அவருடைய 67 கோல்களின் அருமையை உணர அன்றைய ஆப்சைடு விதியை அறிய வேண்டும். பந்து தன்னிடம் அனுப்பப்படும் நேரத்தில், முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும். 1925-இல்தான் இது இருவராகக் குறைக்கப்பட்டது. இங்கிலாந்தில் டிக்சி டீன் 1927–28-இல் அடித்து இன்றும் பேசப்படும் 60 கோல்கள், விதி தளர்ந்த பிறகு வந்தவை. இரு லீக்குகளின் தரமும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் ஸ்டார்க்கின் பெயர் இந்த அளவுக்கு மறக்கப்பட்டது நியாயமல்ல. இத்தனை கோல்கள் அடித்தும் அந்த ஆண்டு பட்டம் ஃபால் ரிவர் அணிக்கே போனது. பெத்லகேம் இரண்டாமிடம் பெற்றது.

அமெரிக்க தேசிய அணிக்காக அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள்; இரண்டும் 1925-இல் கனடாவுக்கு எதிராக. புரூக்ளினில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அமெரிக்கா 6–1 என வென்றது. பெரும்பாலான கோல்கள் அவருடையவை.

1928-இல் லீக்குக்கும் தேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் மோதல் மூண்டது. தேசியக் கோப்பையில் ஆடக்கூடாது என்ற லீக்கின் கட்டளையை மீறியதால் பெத்லகேம் வெளியேற்றப்பட்டது. அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆலை முதலாளிகளால் அணிகளைத் தாங்க முடியவில்லை. 1930-இல் பெத்லகேம் அணி கலைந்தது.

அதே ஆண்டு முதல் உலகக் கோப்பைக்கு அழைப்பு வந்தது. அப்போது மோட்டார் வாகனத் தொழில் ஒன்றைத் தொடங்கியிருந்த ஸ்டார்க், உருகுவே செல்ல மறுத்துவிட்டார். அவரில்லாமல் சென்ற அமெரிக்க அணி அரையிறுதி வரை முன்னேறியது.

1950-இல் அமெரிக்கக் காற்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. கியர்னியிலேயே தமது 87-ஆம் வயதில் காலமானார்.