குமாஸ்தா பாடிய காதல் பாட்டுகள்

1984-ல் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸின் தீ விபத்து க்ளெய்ம் பிரிவில் எனக்குச் சீனியராக இருந்தவர் பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர். மகள்கள் இருவரும் பெர்த்தில் குடியேறிவிட்டார்கள். அவரும் மனைவியும் ஆஸ்திரேலியாவுக்கே போய்விடுவது என்று முடிவானதும் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். தையல் மெஷின் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று, பீரோ எங்கள் ஆபீஸ் பியூனுக்கு. விடைபெற நான் போன ஞாயிற்றுக்கிழமை, எனக்கென்று ஓர் இசைத்தட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

“இவனும் நம்ம ஆளுதாம்மா. லண்டன்ல இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல குமாஸ்தாவா உட்கார்ந்திருந்தவன்” என்றார்.

எனக்கு அப்போது 26 வயது. இங்கிலீஷ் பாட்டு என்றால் அடுத்த வீட்டு ரேடியோவிலிருந்து காதில் விழுந்ததுதான். ஆனால் குமாஸ்தா என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் சர்வேயர் ரிப்போர்ட், மத்தியானம் லெட்ஜர், சாயங்காலம் டிஸ்சார்ஜ் வவுச்சர் என்று ஓடிக்கொண்டிருந்த என் நாள் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு நாளுக்குள்ளிருந்து ஒருவன் எழுந்து போய்ப் பாடியிருக்கிறான் என்றால், அவன் குரலைக் கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றியது.

தட்டின் பெயர் ‘ஒன் இயர்’. பாடியவர் காலின் பிளன்ஸ்டோன். எபிக் கம்பெனி 1971-ல் வெளியிட்டது. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துப் பாட்டு, பெரும்பாலும் காதல். நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். இதைவிட நல்ல காதல் பாட்டுத் தொகுப்பு நான் கேட்டதில்லை. இப்படிப் பாடுகிற ஒருவரின் பெயர் ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது, இவர் ஏன் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது என்ற கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது. அதற்கு விடை தேடப் போய்த்தான் பாட்டுத் தொழிலின் கணக்கு வழக்கு எனக்குப் புரிந்தது.

லண்டனுக்கு வடக்கே இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் பழைய பேராலய ஊர். 1960-களின் தொடக்கத்தில் அங்கே பள்ளிப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து ‘ஜாம்பீஸ்’ என்று ஒரு குழு அமைத்தார்கள். முதல் ஒத்திகைக்கு பிளன்ஸ்டோன் வந்தபோது ரக்பி விளையாட்டில் மூக்கு உடைந்து முகத்தில் கட்டோடு வந்தாராம். அவர் வந்தது கிட்டார் வாசிக்க. பாடுவதாக இருந்தவர் ராட் ஆர்ஜென்ட். இடைவேளையில் ஆர்ஜென்ட் ஓரத்தில் கிடந்த பியானோவில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட, நீ இதைத்தான் வாசிக்க வேண்டும் என்று பிளன்ஸ்டோன் சொல்லியிருக்கிறார். பிளன்ஸ்டோன் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டைக் கேட்ட ஆர்ஜென்ட், அப்படியானால் நீதான் பாட வேண்டும் என்றிருக்கிறார். ஒரு மத்தியானத்தில் இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டார்கள். யார் பணக்காரன், யார் குமாஸ்தா என்பதும் அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. அது அங்கிருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

1964-ல் டெக்கா கம்பெனி வெளியிட்ட அவர்களின் முதல் பாட்டு ‘ஷீ இஸ் நாட் தேர்’. ஆர்ஜென்ட் எழுதியது. இங்கிலாந்தில் 12-ஆம் இடம், அமெரிக்காவில் 2-ஆம் இடம். பாடிய பையனுக்கு 19 வயது. பிளன்ஸ்டோன் குரலை முதலில் கேட்பவர்களுக்கு அதில் மூச்சு கலந்திருப்பது தெரியும். சொல்லின் ஓரம் கூர்மையாக வெட்டுப்படாது. ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, காற்றை வழிய விடுவார். உரக்கப் பாடுவது பெருமை என்றிருந்த காலத்தில் ரகசியம் பேசுகிற மாதிரி பாடினார்.

இனி கணக்கு. ஒரு பாட்டு வெளிவந்தால் அதை எழுதியவருக்குத் தனி வருமானம் உண்டு. தட்டு விற்றாலும் பணம், ரேடியோவில் போட்டாலும் பணம், வேறொருவர் எடுத்துப் பாடினாலும் பணம். பாடியவருக்குத் தட்டு விற்பனையில் சிறு பங்குதான். செலவெல்லாம் கழித்துக் கம்பெனி தந்ததில், நடுவில் இருப்பவர்கள் எடுத்தது போக மிஞ்சுவது கையில் வரும். ஜாம்பீஸ் குழுவில் ஆர்ஜென்டும் பேஸ் கிட்டார் வாசித்த கிறிஸ் வைட்டும் பாட்டெழுதினார்கள். கச்சேரியைத் தவிர மற்ற மூன்று பேருக்கும் பெரிதாக வரும்படி இல்லை. 1967-ல் பிலிப்பைன்ஸ் போனார்கள். மணிலாவை ஒட்டிய ஒரு பெரிய அரங்கத்தில் இரவுக்கு இரவு ஆயிரக்கணக்கில் கூட்டம். கைக்கு வந்ததோ சொற்பம்.

எங்கள் பிரிவில் டிஸ்சார்ஜ் வவுச்சர் என்று ஒரு தாள் உண்டு. நஷ்ட ஈடு வாங்குகிறவர் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போடுவார். முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கும். குடோன் எரிந்துபோன மனுஷர்கள் அந்தத் தாளை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். பாடகர்களின் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் கண்முன் வரும். நம் ஊரிலும் அதுதானே நடந்தது. 1960-களில் லதா மங்கேஷ்கர் பாடகர்களுக்கு ராயல்டி கேட்டார், பாடியதற்குக் கூலி வாங்கியாயிற்று, அதற்குமேல் கேட்பது சரியில்லை என்றார் முகமது ரஃபி. இரண்டு பேரும் சில வருஷம் சேர்ந்து பாடவே இல்லை. பாடகருக்கும் ராயல்டி உரிமை உண்டு என்று நம் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது 2012-ல்.

1967-ல் சிபிஎஸ் கம்பெனி கொடுத்த 1,000 பவுண்டில் ஜாம்பீஸ் குழு பெரும்பாலும் அபி ரோடு ஸ்டூடியோவில் ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’ என்ற தொகுப்பைப் பதிவு செய்தது. பணம் தீர்ந்த பிறகு ஸ்டீரியோ கலவைக்கு ஆர்ஜென்டும் வைட்டும் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். கடைசிப் பாட்டு ‘டைம் ஆஃப் தி சீசன்’. அதைப் பாடும்போது பிளன்ஸ்டோனுக்கும் ஆர்ஜென்டுக்கும் சண்டை மூண்டது. அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடு என்கிற அளவுக்குப் போயிற்று. அந்த டிசம்பரில் குழு கலைந்தது. கையில் காசில்லாத பிளன்ஸ்டோன் லண்டனில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

அந்த நாட்களை நான் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 23 வயசு. ஃபோன் அடிக்கிறது, எடுக்கிறார், பாலிசி நம்பர் கேட்டு எழுதிக்கொள்கிறார். எதிர்முனையில் இருப்பவருக்கு இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியிருக்குமா? அதே சமயம் அமெரிக்காவில் அந்தச் சண்டைப் பாட்டு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அல் கூப்பர் என்ற இசைக்கலைஞர் லண்டனிலிருந்து தட்டை வாங்கிப் போய், இதை வெளியிட்டே ஆகவேண்டும் என்று அங்கே கம்பெனியிடம் வற்புறுத்தியதன் பலன். 1969-ல் பில்போர்டு பட்டியலில் 3-ஆம் இடம். குழுவோ கலைந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பாட்டு ஓடுகிறது, பாட ஆளில்லை என்று தெரிந்ததும் அங்கே போலிக் குழுக்கள் ஜாம்பீஸ் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி செய்தன. அதில் ஒன்றில் வாசித்த இரண்டு டெக்சாஸ் பையன்கள் பிற்பாடு ‘ஜீ ஜீ டாப்’ என்ற பெரிய குழுவில் பேர் வாங்கினார்கள்.

மைக் ஹர்ஸ்ட் என்ற தயாரிப்பாளர் பிளன்ஸ்டோனை மறுபடி பாடக் கூப்பிட்டார். பெயரை மாற்றி நீல் மெக்கார்தர் என்று போட்டார்கள். எந்தப் பாட்டு? அதே ‘ஷீ இஸ் நாட் தேர்’. தன் முதல் பாட்டையே இன்னொருவன் பெயரில் திரும்பப் பாட வேண்டி வந்தது. 34-ஆம் இடம் வரை போனது. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

பிறகு பழைய நண்பர்களே வந்தார்கள். ஆர்ஜென்ட் தன் பெயரிலேயே புதுக்குழு தொடங்கியிருந்தார். அவரும் வைட்டும் தயாரிப்பாளர்களாக இருந்து பிளன்ஸ்டோனைச் சொந்தப் பெயரில் பாட வைத்தார்கள். வேலைகள் முடிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. அதுதான் தட்டின் பெயர். தந்தி வாத்தியங்களுக்கு எழுதக் கிறிஸ்டபர் கன்னிங் வந்தார். டிவியில் ஹெர்குல் புவாரோ துப்பறியும் தொடர் பார்த்தவர்களுக்கு அவருடைய இசை தெரிந்திருக்கும். அது வந்தது இதற்குப் பல வருஷம் கழித்து.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். முதல் பாட்டு ஆர்ஜென்ட் குழுவின் வாசிப்பில் துள்ளுகிறது, ஆனால் இந்தக் குரலுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டும் அப்படித்தான். பல நாள் ஊசியைத் தள்ளி வைத்துவிடுவேன்.

‘மிஸ்டி ரோஸஸ்’ வேறு ரகம். டிம் ஹார்டின் எழுதியது. முதலில் ஒரு கிட்டார் மட்டும், பிரேசில் நடையில். குரல் அதன்மேல் பாரமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் கிட்டார் விலகுகிறது, தந்தி வாத்தியங்கள் வருகின்றன. சினிமாப் பாட்டின் இடையிசை மாதிரி இனிப்பாக இருக்காது. உரசலும் முரணுமாக, தாளத்துக்குக் கட்டுப்படாமல், நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதபடி இழுத்துப் போகும். அது ஓய்ந்ததும் அதே குரல் திரும்ப வருகிறது. சொற்கள் பழையவைதான். ஆனால் முதலில் அதே சொற்களைப் பாடியபோது அந்தப் பெண் எதிரே இருந்தாள். இப்போது இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை, நமக்குத் தெரிகிறது. என் தட்டில் இந்த இடத்தில் ஒரு கீறல். ‘டிக் டிக்’ என்று எட்டு சுற்று கேட்கும். வேறு எங்காவது இந்தப் பாட்டைக் கேட்டால் அந்தச் சத்தம் இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது.

‘கரோலைன் குட்பை’ பிளன்ஸ்டோனே எழுதியது. நடிகை கரோலைன் மன்றோவுடன் இருந்த உறவு முறிந்ததைப் பற்றியது. அந்தம்மா பிறகு 1977-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்தார். பிரிந்துபோனவளைப் பழிக்காமல், தன்னைத் தியாகியாக்கிக்கொள்ளாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிற பாட்டு. குரல் எங்கேயும் உடைவதில்லை. உடைந்துவிடக் கூடாது என்று ஒருவன் ஜாக்கிரதையாக இருப்பது மட்டும் கேட்கிறது. க்ளெய்ம் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, எரிந்தது இவ்வளவு, மிஞ்சியது இவ்வளவு என்று நிதானமாகச் சொன்னவர்களின் முகங்கள் எனக்கு அப்போது ஞாபகம் வரும்.

தட்டின் கடைசிப் பாட்டு ‘சே யூ டோன்ட் மைண்ட்’. டென்னி லேன் எழுதி 1967-லேயே பாடியது. கன்னிங் டிரம்ஸை அடியோடு எடுத்துவிட்டார். வயலின்களும் செல்லோக்களுமே நடையைத் தருகின்றன. 1972-ல் இங்கிலாந்தில் 15-ஆம் இடம் பிடித்தது. முடிவில் குரல் மேலே ஏறிக்கொண்டே போய், இதற்குமேல் மூச்சு இல்லை என்கிற உயரத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும். முதல் தடவை கேட்டபோது நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகும் தனிப் பாடகராக அவர் பெரிய புகழ் பெறவில்லை. மற்றவர்களின் தட்டுகளில் ஒன்றிரண்டு பாட்டு பாடினார். ஆலன் பார்சன்ஸ் குழுவின் ‘ஓல்ட் அண்ட் வைஸ்’ பாட்டை உலகமெல்லாம் கேட்டவர்களில் பாதிப்பேருக்கு அது இவர் குரல் என்று தெரியாது. 2019-ல் ஜாம்பீஸ் குழுவுக்கு அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது. மேடையில் பிளன்ஸ்டோன் பாடினார், 73 வயதில்.

பெரம்பூர் சார் தட்டைக் கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் செய்தார். உறையிலிருந்து தட்டை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஓரத்தை மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். நடுவில் ஒட்டியிருந்த லேபிளில் ஒவ்வொரு பாட்டின் கீழும் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. ஆர்ஜென்ட், வைட். ஹார்டின். சார் நகத்தால் நான்காவது வரியைத் தொட்டார். பிறகு ஐந்தாவதை. தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தைத் தொட்டார்.

“எண்ணிக்கோம்மா” என்றார். “பிளன்ஸ்டோன், நாலு.”