ஒரு புதரும் அதன் பெயர்களும்

தாவரங்களின் பெயர்களை நாம் பெரும்பாலும் அடையாளங்களாகவே கொள்கிறோம். வரலாற்று ஆவணங்களாகவும் அவற்றை வாசிக்க இயலும். மெக்சிகோவின் வடமேற்கிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் பரந்துள்ள பாலை நிலங்களில் வளரும் ஒரு புதர் இதற்குத் தக்க சான்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வளரும். இலைகள் வெளிறிய சாம்பல் நிறம். மழை வாய்த்த ஆண்டின் இளவேனிலில் குன்றுச் சரிவுகள் அதன் பூக்களால் மஞ்சளாகிவிடும்.

ஸ்பானியர் அதற்கு இட்ட பெயர் 'இன்சியென்சோ'. தூபம் என்பது பொருள். 1687இல் பாதிரியார் எவுசேபியோ கினோ இந்நிலத்திற்கு வந்த பின்னர், மறைப்பணித் தளங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. வழிபாட்டிற்குத் தூபம் வேண்டும்; தொலைவிலிருந்து அதனைத் தருவிப்பதோ எளிதன்று. புதரின் தண்டில் கசியும் பிசின் தேவாலயங்களில் சாம்பிராணியின் இடத்தைப் பெற்றது.

அறிவியற்பெயர் 'என்சீலியா ஃபாரினோசா'. முற்பகுதி, 16ஆம் நூற்றாண்டில் கனிமங்களைப் பற்றி நூலெழுதிய என்சீலியஸ் என்னும் ஜெர்மானியக் குருவை நினைவூட்டுவது. பிற்பகுதிக்கு 'மாவு படிந்தது' என்று பொருள். மாவாகத் தோன்றுபவை இலையைப் போர்த்திய நுண்மயிர்கள். வெயிலைத் திருப்பியனுப்பி இலையைக் காப்பவை அவையே. வறட்சி மிகுந்தோறும் அவை அடர்ந்து வளரும்.

இப்பெயர் அச்சேறிய இடமும் கருதத்தக்கது. 1846இல் மெக்சிகோவுடன் போர் மூண்டபோது, கலிஃபோர்னியா நோக்கிச் சென்ற அமெரிக்கப் படையில் வில்லியம் எமரி என்னும் பொறியாளர் இருந்தார். வழியெங்கும் அவர் திரட்டிய செடிகளைத் தாவரவியலாளர் ஜான் டோரி ஆராய்ந்தார். 1848இல் வெளியான எமரியின் படையறிக்கையில் இப்புதர் இடம்பெற்றது. அதே ஆண்டின் உடன்படிக்கையால் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. நிலத்தை அளந்தவர்களின் ஏட்டிலேயே செடிக்கும் பெயர் பதிவாயிற்று.

குருமாரும் படையினரும் வருமுன்னரே இப்பிசினின் பயனை அறிந்திருந்தவர்கள் அம்மண்ணின் மக்கள். கடலோரச் செரி இனத்தார் எறியீட்டியின் முனையைத் தண்டோடு பொருத்த அதனைப் பசையாக்கினர். ஓஓதாம் சிறுவர்கள் அதனை மென்று மகிழ்ந்தனர். பல்வலிக்கும் நெஞ்சுவலிக்கும் மருந்தாகவும் அப்புதர் உதவிற்று. அவர்களுடைய மொழிகளிலும் அதற்குப் பெயர்கள் உண்டு. அவை அறிக்கைகளில் ஏறவில்லை. தூபத்தையும் மாவையும் சொல்லும் வரலாறு, ஈட்டிமுனையின் பசையையும் சேர்த்துச் சொல்வதே முறை எனக் கருதுகிறோம்.