வாடகையும் இல்லை, உறுதியும் இல்லை

மென்பொருள் வரலாற்றுல கலைப்பீடத்துக்காரங்களுக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. ஆனா அக்கரப்பத்தனையில வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபட்டுச்சு. எங்க லயன் காம்பிராவுக்கு வாடகை இல்லை, உறுதியும் இல்லை. லினக்ஸ் கர்னலை எழுதினவங்களும் மூணு வருஷம் அப்படியொரு வீட்டுலதான் குடியிருந்தாங்க.

உங்க ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில ஓடுறது லினக்ஸ் கர்னல்தான். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கினது. பல நாட்டுக்காரங்க சேர்ந்து எழுதுற நிரல்ல யார், எப்போ, எந்த வரியை மாத்தினாங்கன்னு பதிவு வேணும். அதை வைக்கிறதுதான் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். தோட்டத்து செக்ரோல் மாதிரின்னு வைங்க. ஆனா இதுல பழைய நாளுக்குத் திரும்பிப் போய், அன்னைக்கு இருந்த நிரலை அப்படியே எடுக்கலாம்.

ஆச்சரியம் என்னன்னா, முதல் பத்து வருஷம் லினக்ஸுக்கு இப்படி ஒன்னுமே இல்லை. திருத்தங்கள் மின்னஞ்சல்ல வரும், லினஸ் கையாலேயே சேர்ப்பார். சிலது தவறிப்போகும், அனுப்பினவங்க திரும்ப அனுப்பணும். அப்போ பலரும் பாவிச்ச சிவிஎஸ் அவருக்கு அறவே பிடிக்காது.

2002இல் பிட்கீப்பரைத் தேர்ந்தெடுத்தார். அது லாரி மெக்வோயின் நிறுவனம் விலைக்கு வித்த, மூலநிரல் மூடின மென்பொருள். கர்னல்காரங்களுக்கு இலவசம், ஆனா ஒரு நிபந்தனை: அதைப் பாவிக்கிறவங்க போட்டிக்கு இன்னொன்னு செய்யக்கூடாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அப்பவே எதிர்த்தார். லினஸோ, வேலைக்கு எது நல்லதோ அதை எடுப்போம்ங்கிற கட்சி. அவரை முழுசா குறை சொல்லவும் எங்களுக்கு மனசு வரல. வேலை உண்மையிலேயே வேகமாச்சு.

பிறகு ஆஸ்திரேலியாக்காரர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிட்கீப்பர் சேவையகத்தோட நேரடியா தொடர்பு எடுத்து, 'ஹெல்ப்'ன்னு தட்டினார். அதுவே தன் கட்டளைகளை வரிசையா காட்டிக் கொடுத்துச்சு! அவர் அந்த உரிமத்தை ஏத்துக்கிட்டவரே இல்லை. ஆனாலும் மெக்வோய் 2005 ஏப்ரலில் இலவசத்தை நிறுத்துறதா அறிவிச்சார். ஒருத்தர் செஞ்சதுக்கு மொத்த லயத்தையும் காலி பண்ணச் சொன்ன கதை.

லினஸ் ஏப்ரல் 3இல் புதுசா ஒன்னு எழுதத் தொடங்கினார். 7ஆம் திகதி அது தன் நிரலையே தனக்குள்ள பதிஞ்சுக்கிட்டுச்சு. அதுதான் கிட். ஜூனில் லினக்ஸ் 2.6.12 அதை வச்சே வெளிவந்துச்சு. கிட்ல பிரதி எடுக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் முழு வரலாறும் போய்ச் சேருது. மையச் சேவையகத்தை மூடினாலும் வரலாறு அழியாது. அதே ஏப்ரலில், அதே காரணத்துக்காக, மாட் மெக்கால் மெர்குரியல் தொடங்கினார். எல்லாரும் கிட்டுக்குப் போகல. ஓபன்பிஎஸ்டி தன் வேலையை சிவிஎஸ்லயே வச்சிருக்கு, ஃப்ரீபிஎஸ்டி 2020 டிசம்பரில்தான் கிட்டுக்கு மாறத் தொடங்குச்சு.

பிட்கீப்பரும் 2016இல் திறந்த மூலமாச்சு. அதுக்குள்ள குடியிருந்தவங்க வெளியேறி பதினோரு வருஷம்.

இதை வாசிச்ச ராத்திரி எங்களுக்குச் சரியா தூக்கம் வரல. எங்க தோட்டத்துப் பெரியவங்க குடியுரிமைக்கு அலைஞ்ச கதைகளை ஒலிப்பதிவு செஞ்சு, ஒரு இலவசக் கணக்குல மட்டும்தான் போட்டு வச்சிருந்தோம். நிபந்தனையை எங்கள்ல ஒருத்தர்கூட வாசிக்கல. இப்போ மூணு பேர் வீட்டுல மூணு பிரதி இருக்கு.