அடியின் தலையில் நிற்கும் ஓசை

எமது பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ச் செய்யுளை வாசித்துக் காட்டினால், "இதில் ஓசை ஒத்து வரவில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். நோர்வேயிலோ பிரான்சிலோ கனடாவிலோ பாடசாலையில் பழகிய காது, வரியின் முடிவில் ஒத்த ஓசையை எதிர்பார்க்கிறது. தமிழோ அதை வரியின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

எதுகை என்பது அதுதான். முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வரும். கல்வி, செல்வி, பாடம், மாடம். முதலெழுத்தே ஒன்றினால் மோனை, ஈறு ஒன்றினால் இயைபு. தொல்காப்பியச் செய்யுளியல் இவற்றைச் சொல்லிவிட்டுத் தொடை வகைகளை 13,000க்கு மேல் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு எந்தப் புலவனுக்கு உதவியதோ தெரியாது! பின்வந்த யாப்பருங்கலக்காரிகை 43 விகற்பங்களோடு நிறுத்திக்கொண்டது நல்ல காரியம்.

ஏன் தலையில்? வந்தான், போனான், இருந்தான் என்று தமிழில் ஈறுகள் கேளாமலே ஒத்துவிடும். இலவசமாகக் கிடைப்பதில் புலவனுக்கு என்ன பெருமை? சொல்லின் உயிர் அதன் வேரில், அதாவது முன்னாலே இருக்கிறது. பழைய ஆங்கிலமும் இப்படித்தான். அங்கும் சொல்லின் அழுத்தம் வேரிலே விழுந்தது. பேயோவுல்ஃப் காவியம் முழுவதும் மோனையால் கட்டப்பட்டது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின், பிரெஞ்சின் செல்வாக்கோடு இயைபு மெல்ல மெல்ல இடம்பிடித்தது. ஆட்சி மாறியபோது காதும் மாறியது. ஐஸ்லாந்துக்காரர் மட்டும் தங்கள் மோனையை இருபதாம் நூற்றாண்டு வரை விடவில்லை. எமது தீவிலோ, பக்கத்து வீட்டுச் சிங்களக் கவி நாலடிகளையும் ஈற்றிலே ஒன்றவைக்கும்.

எதுகைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஏட்டில் செய்யுளை அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை, உரைநடைபோல ஓடும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் முன் கிடந்தவை அத்தகைய ஏடுகளே. அடி எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னரே காதுக்குச் சொல்வது எதுகை.

ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நாம் புத்தகங்களை விட்டுவிட்டே வந்தோம். தேவாரம் கூடவே வந்தது. ஓரடி முடிந்ததும் அடுத்த அடியின் தலையை எதுகை இழுத்துத் தந்ததால்தான் வந்தது. அந்த ஓசை கேளாத பிள்ளைக்கு மனனம் என்பது வெறும் சுமை. இலக்கண விதியை ஒப்புவிக்கச் சொல்வதைவிட, ஒரு விருத்தத்தின் நான்கு அடிகளினதும் முதற்சொற்களை மட்டும் உரக்கச் சொல்ல வைப்பது மேல். இயைபும் எமக்கு அந்நியமில்லை. கும்மியிலும் சினிமாப் பாட்டிலும் அது தாராளமாக உண்டு.

எதுகை, மோனை இல்லாவிட்டால் கவிதையே இல்லை என்று 1970களில் புதுக்கவிதைக்காரரோடு மல்லுக்கு நின்றவர்களும் எம்மிடையே இருந்தார்கள். சங்கத்து அகவலில் எல்லா அடிகளும் எதுகை பெறுவதில்லை. தொடை எதுவும் அமையாமல், யாப்பு மட்டும் நிற்கும் செய்யுளுக்குத் தொல்காப்பியத்திலேயே பெயரும் இருந்தது: செந்தொடை.