வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். படிவம் ஐந்து இயற்பியலில் இதை மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு மறந்துபோனவர்கள்தான் நம்மில் அதிகம். இரண்டே வரி. முதல் வரியைக் கண்டுபிடித்தவர் பள்ளி வாத்தியார் ஒருவர்.

கியோர்க் சீமோன் ஓம், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்துப் பூட்டுத் தொழிலாளியின் மகன். 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குக் கிடைத்த மின்கலங்களை நம்ப முடியாது. கம்பியை இணைத்த கொஞ்ச நேரத்தில் வேகம் இறங்கிவிடும். அந்தக் குழப்பத்திலேயே 1825-ல் ஓம் வெளியிட்ட முதல் சூத்திரம் தப்பாகிப்போனது. இதழாசிரியர் பொகெண்டோர்ஃப் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விடுங்கள், வெப்பத்தால் மின்சாரம் தரும் உலோக இணைப்பைப் பயன்படுத்துங்கள். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு இடங்களில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். இரண்டு வெப்பநிலையும் மாறாது. அதனால் மின்னழுத்தமும் மாறாது.

பிறகு எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, காந்த ஊசியை வைத்து மின்னோட்டத்தை அளந்தார். 1826 ஜனவரியில் எடுத்த எண்களில் நான்கைப் பார்ப்போம். 2 அங்குலக் கம்பிக்கு 326¾. 10 அங்குலத்துக்கு 238¼. 66 அங்குலத்துக்கு 83¼. 130 அங்குலத்துக்கு 48½. நீளம் ஏறினால் ஓட்டம் இறங்குகிறது, சரி. ஆனால் 66 கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 130 ஆனபோது ஓட்டம் பாதியாகவில்லையே? மாட்டிய கம்பிக்கு மட்டுமல்லாமல் கருவியின் மற்றப் பகுதிகளுக்கும் தடை இருக்கிறது என்று ஓம் கண்டுகொண்டார். அது 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம். ஒவ்வொரு நீளத்தோடும் 20¼-ஐக் கூட்டி, ஊசி காட்டிய எண்ணால் பெருக்கிப் பாருங்கள். நான்கு முறையும் விடை 7,180-க்கும் 7,290-க்கும் நடுவில்தான் விழும். மாறாத அந்த எண்தான் மின்னழுத்தம். ஒரு கால்குலேட்டர் இருந்தால் இரண்டே நிமிட வேலை. எனக்கு இதில் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

1827-ல் புத்தகம் வந்தது. ஹெகலின் தத்துவத்தில் ஊறியிருந்த விமர்சகர்கள், இயற்கையைக் கணக்குக்குள் அடைக்கப் பார்க்கிறான் என்று ஏளனம் செய்தார்கள். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிடைக்கவில்லை. 1828-ல் கொலோன் வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது 1841-ல். மியூனிக்கில் பேராசிரியர் ஆனது 1852-ல். அடுத்த இரண்டே ஆண்டில் இறந்துபோனார். மின்னோட்டம் கம்பியில் எவ்வளவு சூட்டை உண்டாக்கும் என்ற கணக்கை 1840-களின் தொடக்கத்தில் பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை ஜூல் போட்டு முடித்தார். வாட் கணக்கு அதிலிருந்து வருகிறது.

இனி நம்ம ஊர். 1843-ல் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, தாபான் மரத்துப் பாலை உறையவைத்த பொருளை லண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் அதைக் கெத்தா பெர்ச்சா என்றார்கள். (நம் பாட்டிமார் ரப்பரைக் கித்தா என்றது இந்தக் கெத்தாவிலிருந்துதான்.) வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது, மின்சாரத்தை வெளியே விடாது. கடலடிக் கம்பிக்கு இதைவிடப் பொருத்தமான சட்டை அன்றைக்கு உலகத்தில் இல்லை.

1858 ஆகஸ்டில் அந்தச் சட்டை போட்ட செம்புக் கம்பி அட்லாண்டிக்கைத் தாண்டியது. விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச்சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆனது. கம்பெனியின் மின்பொறியாளர் வைட்ஹவுஸ், தொழிலால் மருத்துவர். குறி மங்கினால் வேகத்தைக் கூட்டு என்பது அவர் கட்சி. ஏறக்குறைய 2,000 வோல்ட் கொடுத்தார். தடையைக் குறைக்கத் தடித்த, சுத்தமான செம்பு வேண்டும், மறுமுனையில் நுட்பமான கருவி வேண்டும் என்ற வில்லியம் தாம்சனின் பேச்சு எடுபடவில்லை. கசிவுள்ள ஓர் இடத்தில் அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால், ஓட்டமும் பத்து மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் அங்கே எரியும் வாட் நூறு மடங்கு. மூன்று வாரத்தில் கேபிள் செத்தது. பழி முழுவதையும் வைட்ஹவுஸ் தலையில் போடுவது நியாயமில்லை. வெயிலில் கிடந்த கேபிளில் கெத்தா இளகி, செம்பு நடுவிலிருந்து விலகியிருந்தது. அந்த நிலையிலுள்ள கம்பிக்குத்தான் 2,000 வோல்ட்.

விசாரணை நடந்தது. தடையை அளக்கப் பொது அலகு வேண்டும் என்பது எல்லாருக்கும் உறைத்தது. 1861-ல் கேபிள் பொறியாளர்கள் இருவர் அலகுகளுக்கு அறிஞர்கள் பெயரைச் சூட்டலாம் என்றார்கள்; 1881 பாரிஸ் மாநாட்டில் ஓம் உலக அலகானது.

1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி வந்துவிட்டது. இப்படிப்பட்ட கேபிள் கடலடியில் அறுந்தால் கப்பலை எங்கே அனுப்புவது? எடுத்துக்காட்டாக, கரையிலிருந்து 60 வோல்ட் கொடுக்கிறோம், 0.05 ஆம்பியர் ஓடுகிறது. வகுத்தால் 1,200 ஓம். மைலுக்கு 6 ஓம் உள்ள செம்பென்றால், அறுந்த இடம் 200 மைலில். பெருக்கினால் 3 வாட்தான், கம்பிக்கு ஆபத்தில்லை. அறுந்த முனை கடல்நீரைத் தொடும் இடத்தில் தடை ஏறி இறங்கும், அதைக் கழிக்கத் தனி வித்தை உண்டு. அடிப்படை என்னவோ இந்த வகுத்தல்தான்.

தாபானை ரப்பர் மாதிரி கீறிப் பால் எடுக்க மாட்டார்கள். மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பட்டையில் வளையம் வெட்டுவார்கள். அப்படியும் கொஞ்சம்தான் தேறும். சிங்கப்பூர்க் காடுகளில் பெரிய தாபான்கள் சீக்கிரமே தீர்ந்தன. வெட்டுகிறவர்கள் தீபகற்பத்துக்குள்ளும் சுமத்ரா, போர்னியோ பக்கமும் நகர்ந்துகொண்டே போனார்கள்.