சத்திரம்

சத்திரம்: வழிப்போக்கர் கட்டணமின்றி இரவு தங்கவும் உண்ணவும் பெருவழிகளிலும் கோயிலூர்களிலும் கட்டப்பட்ட அறநிலையம். திண்ணை, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், மடைப்பள்ளி, அருகே குளமோ கிணறோ என்பது பொதுவான அமைப்பு. சாவடியில் படுக்க இடம் மட்டும், சத்திரத்தில் சோறும் உண்டு என்று வேறுபடுத்துவர். ஊர்வழக்கு இதை எப்போதும் பொருட்படுத்துவதில்லை.

மணிமேகலையில் வரும் புகார் நகரத்து உலக அறவி இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. சோழர் கல்வெட்டுகள் உணவளிக்கும் 'சாலை'களைக் குறிக்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள மங்கம்மாள் சத்திரம் இராணி மங்கம்மாள் (ஆட்சி 1689–1706) எழுப்பியது என்பது மரபு.

தஞ்சை மராத்தியர் காலத்துக்கு வரும்போதுதான் சான்றுகள் பெருகுகின்றன. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக அரசர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்து, செலவுக்கு நிலங்களை எழுதிவைத்தனர். பலவற்றுக்கு அரச குடும்பப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் ஒன்று. மராத்தி மொழியின் மோடி எழுத்து ஆவணங்களில் இவற்றின் வரவுசெலவுக் கணக்குகள் எஞ்சியுள்ளன.

1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, சத்திரங்களை மட்டும் விடவில்லை. அவை தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று 1801-இல் கம்பெனியின் ரெசிடென்ட் டோரினுக்கு எழுதிய கடிதம், ஒரு சத்திரத்தின் இரவை நாம் அருகிலிருந்து பார்க்கக் கிடைத்த அரிய வாயில். அந்தணர் முதல் பறையர் வரை, ஜங்கமர், பக்கிரிகள் உட்பட, வருவோர் அனைவருக்கும் சோறு. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் மசாலைச் சாமான்களும். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். (அந்த மணியோசைக்கு எழுந்து வந்தவர்கள் யார் என்று கடிதம் சொல்வதில்லை.) நோயாளிக்கு மருந்தும் பத்தியமும், இறந்தவருக்கு ஈமச்சடங்கு, கைக்குழந்தைக்குப் பால். அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்போடு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். சத்திரத்தில் பிரசவமான பெண் மூன்று மாதம் தங்கலாம். எல்லோருக்கும் சோறு என்பதை எல்லோருக்கும் ஒரே பந்தி என்று கொள்ள இடமில்லை. சலுகை வேண்டி எழுதிய கடிதம் என்பதால் சற்று மெருகேற்றியும் இருக்கலாம்.

இச்சத்திரங்களில் பெரிதும் பேசப்படுவது ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம். அவ்வூருக்கே முத்தாம்பாள்புரம் என்ற பெயர் வழங்கியது. சக்கரங்களோடு, குதிரையும் யானையும் இழுக்கும் தேர்போல் சுவரை வடித்திருக்கிறார்கள். கட்டிய ஆண்டை 1800 என்றும் 1802 என்றும் கூறுவர். முத்தாம்பாள் சரபோஜியின் காமக்கிழத்தி என்பர் சிலர். மணமுடிக்க இருந்தவர் என்பாரும் உண்டு. பேறுகாலத்தில் இறக்கும் தறுவாயில் தன் பெயரில் ஒரு சத்திரம் கேட்டார் என்பது செவிவழிச் செய்தி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணுக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக்கல் நடுவது தமிழகத்தில் பழைய வழக்கம். கடிதத்தின் அந்த மூன்று மாதத்தை இக்கதையோடு சேர்த்துப் படிப்பது தகுமா என்பதை ஆய்வாளர்தாம் சொல்ல வேண்டும். சேர்க்காமல் படிப்பதும் எளிதன்று.

1855-இல் தஞ்சை அரசு முடிந்தபின் சத்திரங்கள் அரசு நிர்வாகத்துக்குச் சென்றன. 1861-இல் நாகப்பட்டினம்–தஞ்சை ரயில் ஓடத் தொடங்கியதும் நடைவழி யாத்திரை மெல்லக் குறைந்தது. வெள்ளாற்றங்கரைச் சேத்தியாத்தோப்புக்கு வடக்கே, வடலூரில் பசித்தோருக்குச் சோறிட வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலை வேறு நெறியில் பிறந்தது; அங்கு அணையா அடுப்பு இன்றும் எரிகிறது.

20-ஆம் நூற்றாண்டில் ஒரத்தநாட்டுச் சத்திரம் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. சேதுபாவாசத்திரம், ஒட்டன்சத்திரம், திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் ஆகியவற்றில் பெயர் நிலைத்திருக்கிறது. அண்மைக்காலத்தில் தரங்கம்பாடியின் பழைய கலெக்டர் பங்களாவும் செட்டிநாட்டு வீடுகள் சிலவும் புதுப்பிக்கப்பட்டு, இரவு தங்கும் விடுதிகளாயின. இவற்றில் தங்கக் கட்டணம் உண்டு.