விளையாட்டும் அளவுகோலும்: பாலர் கல்வி வரலாற்றில் இரு மரபுகள்

பாலர் பாடசாலை ஒன்றினுள் நுழைவோர் அங்கே இருவகைப் பொருள்களைக் காண்பர். மரக்கட்டைகள், மணல், நீர்த்தொட்டி, பொம்மைகள் முதலியன ஒருவகை. எவ்வயதிற் பிள்ளை எதனைச் செய்யும் எனக் கூறும் அட்டவணை மற்றையது. மூன்று வயதுப் பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரையும், நான்கு வயதுப் பிள்ளை ஒற்றைக் காலில் துள்ளும் என்றவாறு அவ்வட்டவணை அமையும். இவ்விரண்டும் ஒரே கல்விக் கொள்கையின் இரு கூறுகள் எனவே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயின் அவை தோன்றிய வரலாறு வேறு வேறாகும். விளையாட்டுப் பொருள்கள் மெய்யியலாளரும் ஆசிரியரும் வளர்த்த மரபின்வழி வந்தவை. அட்டவணை மருத்துவரும் உளவியலாளரும் வளர்த்த மரபின்வழி வந்தது. இவ்விரு மரபுகளும் எவ்வாறு தோன்றின, எங்கே சந்தித்தன, அச்சந்திப்பில் எது எதற்கு அடங்கிற்று என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விளையாட்டு மரபின் தோற்றம்

சிறு பிள்ளையின் விளையாட்டைக் கல்வியோடு தொடர்புபடுத்தும் எண்ணம் ஐரோப்பாவிற் பழையது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கொமேனியசு, தாயின் மடியையே முதற் பாடசாலையாகக் கொண்டு நூல் எழுதினார். ஆங்கில மெய்யியலாளரான யோன் லொக் 1693இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், எழுத்துகள் பொறித்த பகடைக்காய்களைக் கொண்டு பிள்ளைக்கு வாசிப்பைக் கற்பிக்கலாம் என்றார். எனினும் லொக்கின் கருத்தில் விளையாட்டு ஓர் உபாயமே. கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுப்பதை ஒத்தது அது. பிள்ளைப்பருவம் தனக்கென ஓர் இயல்பும் ஒழுங்கும் உடையது என்பதை வன்மையாக எடுத்துரைத்தவர் ரூசோ ஆவர். அவரது 'எமில்' 1762இல் வெளிவந்தது. 1816இல் றொபேட் ஓவன் ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க் ஆலைக் கிராமத்திற் சிறுவர் பாடசாலை ஒன்றைத் திறந்து, சிறு பிள்ளைகளைப் புத்தகங்களால் வருத்தலாகாது என விதித்தார்.

விளையாட்டை உபாயம் என்ற நிலையினின்றும் உயர்த்தி, அதுவே பிள்ளையின் அறிவு வளரும் வழி எனக் கொண்டவர் பிரெடரிக் புரோபல் ஆவர். 1782இல் ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியிற் பிறந்த அவர், ஒன்பது மாதக் குழந்தையாயிருக்கையிலேயே தாயை இழந்தார். 1808 முதல் 1810 வரை சுவிற்சர்லாந்தில் பெஸ்தலோசியிடம் தங்கி அவர் முறையைக் கற்றார். பின்னர் பேர்லினில் கனிப்பொருட் காட்சியகத்தில், படிகவியல் அறிஞரான வைசிடம் உதவியாளராகப் பணியாற்றினார். ஒழுங்கற்ற கல்லினுள் ஒழுங்கான வடிவம் உறைந்திருத்தலை அங்கே கண்ட அனுபவம் அவர் சிந்தனையில் ஆழப் பதிந்தது. 1837இல் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிற் சிறுவர்க்கான நிலையம் ஒன்றைத் தொடங்கிய அவர், 1840இல் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை இட்டார். பிள்ளை செடி, ஆசிரியர் தோட்டக்காரர் என்பது அப்பெயரின் உட்கிடை.

அந்நிலையத்திற் பிள்ளைகளுக்கு வழங்கிய விளையாட்டுப் பொருள்களைப் புரோபல் 'கொடைகள்' என அழைத்தார். முதற் கொடை நிறமூட்டிய ஆறு கம்பளிப் பந்துகள். இரண்டாவதில் மரத்தாலான கோளமும் கனவுருவும் அமைந்தன. பின்னர் உருளையும் சேர்ந்தது. மூன்றாவது கொடை எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனவுரு. பிரித்தபின் மீளவும் சேர்த்து முழுமையாக்கலாம் என்பதே அதன் பாடம். அக்கட்டைகளாற் பிள்ளை கதிரை செய்யும், பாலம் கட்டும், எட்டின் பாதி நான்கு என்பதைக் கையாலேயே அறியும். இவற்றுள் எதுவும் பிள்ளையைச் சோதிக்கும் நோக்குடன் ஆக்கப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

2. பிரசியத் தடையும் அதன் விளைவும்

விளையாட்டு எவருக்கும் தீங்கற்ற செயல் எனத் தோன்றலாம். பிரசிய அரசு அவ்வாறு கருதவில்லை. 1848ஆம் ஆண்டுப் புரட்சி ஒடுக்கப்பட்டபின், 1851 ஆகத்து மாதத்திற் கல்வி அமைச்சர் வொன் றோமர் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தார். அவை நாத்திகத்தையும் சமவுடைமைக் கருத்தையும் பரப்புவன என்பது குற்றச்சாட்டு. புரோபலின் சகோதரர் மகன் கார்ல் புரோபல் எழுதிய நூலொன்றை அவருடையதெனக் கொண்ட மயக்கமும் இத்தடைக்கு ஒரு காரணமாயிற்று. மயக்கம் தெளிவுறுத்தப்பட்ட பின்னரும் தடை நீங்கவில்லை. அடுத்த ஆண்டு, 1852இல், புரோபல் காலமானார். தடை 1860இலேயே நீக்கப்பட்டது.

பிள்ளை தானாக நினைக்கவும் செய்யவும் விடுகின்ற கல்வி, கீழ்ப்படிதலையே குடிமைப் பண்பாகக் கொண்ட அரசுக்கு அச்சமூட்டியதில் வியப்பில்லை. ஆயினும் தடை இம்முறையை அழிப்பதற்கு மாறாகப் பரப்பவே உதவிற்று. புரோபலின் மாணவியரும் ஆதரவாளரும் அதனை நாடு கடந்து கொண்டுசென்றனர். மாரன்கோல்ற்சு-பூலோ சீமாட்டி ஐரோப்பிய நகரங்களில் இதற்காகப் பேசி வந்தார். 1856இல் மார்கரேத்தே சூர்ஸ் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜேர்மன் மொழிக் கிண்டர்கார்டனையும், 1860இல் எலிசபெத் பீபொடி பொஸ்டனில் ஆங்கில மொழிக் கிண்டர்கார்டனையும் தொடங்கினர். 1873இல் சென் லூயிஸ் நகரில் அது பொதுப் பாடசாலை அமைப்பின் ஓர் உறுப்பாயிற்று.

பரவலோடு இறுக்கமும் வந்தது. கொடைகளை இன்ன வரிசையில், இன்ன மணியில், ஆசிரியர் சொன்னவாறே கையாள வேண்டும் என்ற சடங்கு வளர்ந்தது. விளையாட்டே கட்டளையாக மாறிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் யோன் டூயியும் பற்றி ஹில்லும் இதனைக் கண்டித்து, பிள்ளை தன் வாழ்வனுபவத்தினின்றும் விளையாட்டை ஆக்கவேண்டும் என வாதிட்டனர். அளவுகோல் பாலர் பாடசாலைக்கு வருமுன்னரே விளையாட்டு மரபு தன்னுள்ளேயே ஒரு நெருக்கடியைச் சந்தித்தது என்பது இதனாற் பெறப்படும்.

3. அளவுகோல் மரபு

குழந்தையின் வளர்ச்சியைத் திங்கட் கணக்கில் வகுத்து நோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியம் பிள்ளைப்பருவத்தைப் பத்தாக வகுக்கும். குழந்தை கையூன்றித் தலைநிமிர்த்தி அசைவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை, நிலவை விளையாட அழைப்பது அம்புலி. பாட்டியல் நூல்கள் இவற்றிற்குத் திங்கட் கணக்குகளையும் கூறும். அக்கணக்குகள் நூலுக்கு நூல் வேறுபடும். இப்பருவங்களுட் பெரும்பாலானவை குழந்தையின் அசைவும் ஆடலுமே. அவை மகிழ்ச்சியோடு நோக்கப்பட்டனவேயன்றிக் குழந்தையைத் தரம்பிரிக்கும் கருவியாக்கப்பட்டனவல்ல.

அறிவியல் முறையிலான குறிப்பு ஐரோப்பாவிலே தந்தையரின் நாட்குறிப்புகளில் தொடங்கிற்று. ஜேர்மன் மெய்யியலாளர் தீடெமான் தம் மகனைப் பற்றிய அவதானங்களை 1787இல் வெளியிட்டார். சாள்ஸ் டார்வின் 1839இற் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளை 1877இல் 'மைன்ட்' என்னும் சஞ்சிகையில் வெளியிட்டார். 1882இல் உடற்றொழிலியல் அறிஞர் பிரையர் தம் மகனின் முதல் மூன்றாண்டுகளை நாள்தோறும் நோக்கி எழுதிய நூல் வெளிவந்தது. இந்நூல்கள் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் வரலாறே. ஒன்றிலிருந்து பலவற்றுக்குச் செல்லும் படி அடுத்த நூற்றாண்டில் எடுக்கப்பட்டது. 1905இல் பாரிசில் பினேயும் சிமோனும் பாடசாலையிற் சிறப்புதவி வேண்டிய பிள்ளைகளை இனங்காணச் சோதனைத் தொகுதி ஒன்றை அமைத்தனர். 1908இல் திருத்தப்பட்ட அத்தொகுதியில் சோதனைகள் வயதுவாரியாக வகுக்கப்பட்டன.

இம்முறையைப் பள்ளிக்கு முந்திய பருவத்துக்கு விரிவாகக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஆர்னல்ட் கெசல் ஆவர். 1911இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய நிலையத்தில், தம்மை எவரும் நோக்குவதைக் குழந்தைகள் உணராதவாறு அமைந்த கூண்டினுள் அவர்களின் செயல்கள் திரைப்படமாக்கப்பட்டன. 1925இல் வெளிவந்த அவரது நூல் மாதவாரியான வளர்ச்சி நியமங்களை வகுத்தது. அவர் பயன்படுத்திய பொருள்களுள் முதன்மையானவை ஓரங்குலச் சிவப்பு மரக்கட்டைகள். ஒன்றரை வயதுப் பிள்ளை மூன்று அல்லது நான்கு கட்டைகளையும், இரண்டு வயதுப் பிள்ளை ஆறு அல்லது ஏழு கட்டைகளையும் அடுக்கும் என அவர் கண்டார். புரோபலின் நிலையத்திற் கொடையாயிருந்த கட்டை, கெசலின் மேசையிற் சோதனைப் பொருளாயிற்று. இரு மரபுகளுக்குமிடையே உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

கெசலைக் குறைகூறுதல் எளிது. ஆயின் அது முழு நீதியாகாது. வளர்ச்சி பின்தங்கிய பிள்ளையை உரிய காலத்தில் இனங்கண்டு உதவுவதற்கு அவரது நியமங்கள் மருத்துவர்க்குப் பயன்பட்டன. வயது நியமங்களைக் கட்டாய அளவுகளாகக் கொள்ளலாகாது என அவரே எச்சரித்துமிருந்தார். எனினும் நியூ ஹேவன் நகரத்தின் ஒத்த நிலையினரான குடும்பங்களின் பிள்ளைகளிடம் பெற்ற முடிவுகள், பிள்ளைகள் யாவர்க்கும் பொதுவென மக்களிடையே வழங்கலாயின. அட்டவணை பயணஞ் செய்த வேகத்தில் எச்சரிக்கை பயணஞ் செய்யவில்லை.

4. இரு மரபுகளின் சந்திப்பு

இவ்விரண்டும் சந்தித்த இடம் இருபதாம் நூற்றாண்டின் பாலர் பாடசாலையாகும். இங்கிலாந்தில் 1905இல் வெளியான பெண் பரிசோதகர்களின் அறிக்கை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பாடசாலைகளிற் பெறும் முறைசார் போதனையால் அவர்களின் அறிவுக்கு நன்மை விளையவில்லை எனக் கூறிற்று. 1914இல் றேச்சல், மார்கரெட் மக்மில்லன் சகோதரியர் இலண்டனின் வறிய பகுதியான டெட்போர்ட்டில் திறந்தவெளிப் பாலர் பாடசாலையை நிறுவினர். அங்கே தோட்டமும் மணலும் நீரும் வகுப்பறையின் இடத்தைப் பெற்றன. உணவும் குளிப்பும் உறக்கமும் கல்வியின் பகுதிகளாயின. பிள்ளையின் உடல்வளர்ச்சியை அளந்தறிதல் இங்கே அதற்கு உதவும் பொருட்டே நிகழ்ந்தது.

சூசன் ஐசாக்ஸ் 1924 முதல் 1927 வரை கேம்பிரிட்ஜில் நடத்திய மோல்ற்றிங் ஹவுஸ் பாடசாலையின் பிள்ளைகள் இதற்கு மாறாகக் கற்றோர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே ஆசிரியர்கள் பிள்ளைகளின் பேச்சையும் செயலையும் நாள்தோறும் எழுதினர். ஒருநாள் பாடசாலை முயல் இறந்துவிட்டது. நீரில் இட்டால் அது உயிர்பெறும் என ஒரு பிள்ளை கூற, ஆசிரியை அவ்வாறே செய்துபார்க்க இசைந்தார். முயல் மிதந்து சுழன்றது. அசைவதால் அது உயிரோடிருக்கிறது என்றது இன்னொரு பிள்ளை. உடனே ஆசிரியை ஒரு சிறு குச்சியை நீரில் இட்டார். அதுவும் சுழன்றது. குச்சிக்கு உயிரில்லை என்பதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டு, முயலைப் புதைக்க முற்பட்டனர்.

இந்நிகழ்ச்சியின் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. சிறு பிள்ளை அசைவனவற்றுக்கெல்லாம் உயிருண்டு எனக் கருதும் என்பது பியாஜே வகுத்த படிநிலைகளுள் ஒன்று. அவரே 1927இல் அப்பாடசாலைக்கு வந்து பார்வையிட்டார். ஐசாக்ஸ் அவரது ஆய்வை மதித்தபோதிலும், படிநிலைகளை அவர் வகுத்த முறையை மறுத்தார். வெறும் வினாவுக்கு விடையிறுக்கும் பிள்ளை தன் அறிவின் ஒரு பகுதியையே காட்டும். பொருளைக் கையாளவும் செய்துபார்க்கவும் வாய்ப்புப் பெற்ற பிள்ளையோ அப்படியைக் கடந்து சிந்திக்கும். 1933இல் லெனின்கிராட்டில் விகொட்ஸ்கி ஆற்றிய விரிவுரையின் கருத்தும் இதனோடு ஒத்தது. தடியைக் குதிரையாக்கி ஓடும் பிள்ளை, பொருளினின்றும் கருத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது. விளையாட்டில் அது தன் வயதுக்கு மேம்பட்டு நிற்கிறது என்றார் அவர். இவ்விரிவுரை 1966இலேயே அச்சேறிற்று.

இச்சந்திப்பின் அலை இலங்கையையும் தொட்டது. 1907இல் உரோமின் சன் லொரன்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கிய மரியா மொன்ரிசோரி, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து போர்க்காலத்தை இந்தியாவிற் கழித்தார். 1944இல் இலங்கையிலும் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். அவர் பெயரே இத்தீவிற் பாலர் பாடசாலையைக் குறிக்கும் வழக்குச்சொல் ஆயிற்று. பிள்ளையின் செயலை 'வேலை' என்றே அவர் அழைத்தார். எனினும் கற்பிக்குமுன் கவனிக்க வேண்டும் என்பதே அவர் ஆசிரியர்க்கு இட்ட முதல் விதி. அவர் பெயரைத் தாங்கும் இடந்தொறும் அவ்விதியும் தங்கியுள்ளதா என்பது ஆராயத்தக்கது.

5. மைல்கல் என்னும் உவமை

வளர்ச்சிப் படிகளை 'மைல்கற்கள்' என்று கூறும் வழக்கு இன்று பரவியுள்ளது. வீதியிலுள்ள மைல்கற்கள் ஓரிடத்தில் நிலைத்தவை. ஒன்றைக் கடவாமல் அடுத்ததை அடைதல் இயலாது. பிள்ளையின் வளர்ச்சி அத்தகையதன்று என்பதை அளவுகோல் மரபே பின்னர் நிறுவிற்று. 1967இல் வெளியான டென்வர் சோதனை ஒவ்வொரு செயலுக்கும் ஒரே வயதைக் கூறாது, பிள்ளைகளில் நூற்றுக்கு 25, 50, 75, 90 பேர் அதனைச் செய்யும் வயதுகளைப் பட்டையாக வரைந்து காட்டிற்று. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவுகள் இன்னும் தெளிவானவை. துணையின்றி நடக்கும் பருவம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்திருந்தது. நூற்றுக்கு 4 பேருக்குச் சற்று மேற்பட்டோர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கினர்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. அளவுகோல் பிள்ளையைக் கவனித்ததாற் பிறந்தது. கவனிப்பின் இடத்தை அது தானே பிடித்துக்கொள்ளும்போது பிழை தொடங்குகிறது. பின்தங்கும் பிள்ளைக்கு உதவி தேடும் ஆசிரியரின் கையில் அட்டவணை விளக்காகும். நான்கு வயதுப் பிள்ளை எழுத்துகளை எழுதவில்லை என்று மணலையும் கட்டைகளையும் பறிப்பவரின் கையில் அதுவே தடையாகும். 1851இல் பிரசிய அரசு சட்டத்தால் இட்ட தடை ஒன்பது ஆண்டுகளில் நீங்கிற்று. போட்டியின் பேரால் வீடும் பாடசாலையும் சேர்ந்து இடும் தடைக்குச் சட்டமில்லை. ஆதலின் அதனை நீக்கும் ஆணையும் இல்லை. சிறுவரின் விளையாடும் உரிமையை 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயம் 31ஆம் உறுப்புரையில் ஏற்றுள்ளது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுறுதி செய்தது. அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது பாலர் வகுப்பினுள் நடைமுறையாவது, அட்டவணையை நோக்குமுன் பிள்ளையை நோக்கும் ஆசிரியரையும் பெற்றோரையும் பொறுத்ததாகும்.